ஏஜென்டிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்

அம்மா, உங்கள் மகள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள், வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள், பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் 200-க்கு 168. இதே மதிப்பெண் படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு வந்தால், எந்தக் கல்லூரியை முதலில் போடுவது, எதைத் தொடவே கூடாது என்று சொல்ல ஒரு சித்தப்பா இருப்பார். வியாசர்பாடியில் உங்களுக்கு அந்த இடத்தில், கல்லூரியில் சீட் வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜென்டின் போன்தான் வருகிறது. பிள்ளைகளின் வாழ்க்கை பெரும்பாலும் இங்கேதான் பிரிகிறது.

"சீட் தீர்ந்துவிடும், இன்றே கட்டுங்கள்" என்பார். கட்டாதீர்கள். கல்லூரியே நேரடியாக நிரப்பும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் சேர்ந்தே போய்விடும். இரண்டும் அரசு நடத்தும் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வில் வருபவர்களுக்கு மட்டுமே. பொறியியலுக்கு 2021-இல் வந்த அந்த 7.5 சதவீதத்தில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். தனியார் கல்லூரியின் கலந்தாய்வு இடங்களுக்கும் இது உண்டு.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இந்த வாரமே இ-சேவை மையம் போங்கள். ரேஷன் கார்டில் இருப்பவர்களின் படிப்பு விவரம் கேட்பார்கள். கார்டு, ஆதார், டி.சி. மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒத்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மாறியிருந்தால் விண்ணப்பம் திரும்பிவிடும், அதற்குள் கலந்தாய்வு வந்துவிடும்.

அடுத்தது, கலந்தாய்வில் வேண்டிய கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசையாகப் போடும் விருப்பப் பட்டியல். "நமக்கு இது கிடைக்காது" என்று நல்ல கல்லூரியை விட்டுவிடுவதுதான் முதல் தலைமுறை வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. மேலே எழுதியது கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள், நஷ்டமே கிடையாது. உண்மையில் வேண்டிய வரிசையில், முடிந்தவரை நிறைய போடுங்கள். போன வருடம் உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு எந்தக் கட்-ஆஃபில் இடம் முடிந்தது என்பதையும் கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தையும் சேர்த்துப் பாருங்கள். தூரம் என்றும் தள்ளாதீர்கள்: வியாசர்பாடி ஜீவாவில் ஏறி பீச்சில் பறக்கும் ரயிலுக்கு மாறினால், கோட்டூர்புரத்தில் இறங்கி கிண்டி பொறியியல் கல்லூரிக்கு நடந்தே போகலாம்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த நேரத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் அந்த இடம் போய்விடும். அந்த நாட்களில் மகளின் போனில் ரீசார்ஜ் இருக்கட்டும்.

சேர்ந்த பிறகு, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்குக் கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்கு அவள் பெயரிலேயே, ஆதாருடன் இணைந்து இருக்க வேண்டும். உங்கள் கணக்கைக் கொடுக்காதீர்கள்.