ஸ்பீடு டெஸ்டில் 95, வீடியோவில் சுற்றும் வட்டம்

கேள்வி: வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 95 காட்டுகிறது. ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் வீடியோ மட்டும் ஓடாமல் வட்டம் சுற்றுகிறது. கம்பெனியே வேண்டுமென்று குறைக்கிறதா? எல்லாத் தளத்தையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்கிற இணைய சமநிலை விதிப்படி புகார் செய்யலாமா?

பதில்: செய்யலாம். அதற்கு முன்னால் எங்கே அடைக்கிறது என்று பார்த்துவிடுங்கள். ஸ்பீடு டெஸ்ட் பெரும்பாலும் உங்கள் கம்பெனிக்குள்ளேயோ பக்கத்திலோ இருக்கும் சர்வரைத்தான் தொட்டுவிட்டு வரும். தெருமுனை வரை சாலை காலியாக இருக்கிறது என்று சொல்வது மாதிரி. வீடியோ அதைத் தாண்டி வரவேண்டும்.

வைஃபையை விட்டுவிட்டு, ரவுட்டரிலிருந்து கேபிளை நேராக லேப்டாப்பில் செருகுங்கள். வட்டம் சுற்றும் அதே நேரத்தில் ஃபாஸ்ட்.காம் திறந்து பாருங்கள். அது நெட்ஃபிளிக்ஸின் சர்வர்களிலிருந்து தரவை இழுத்து அளக்கிறது. மறுநாள் விடிகாலையிலும் இதையே செய்யுங்கள். ராத்திரி எல்லாத் தளமும் சேர்ந்து படுத்தால் அது நெரிசல். மாதக் கடைசியில் மட்டும் படுத்தால் உங்கள் பிளானின் எஃப்யுபி, அதாவது முழு வேகத்தில் கிடைக்கும் டேட்டா வரம்பு, தீர்ந்திருக்கும். இரண்டுமே சமநிலை மீறல் ஆகாது.

ஒரே ஒரு தளம் மட்டும் இழுக்கிறது, விபிஎன் (வேறொரு சர்வர் வழியாக இணையத்தில் போகவைக்கும் செயலி) போட்டதும் சரியாகிறது என்றால் சந்தேகப்பட இடமிருக்கிறது. ஆனாலும் அது மட்டுமே ஆதாரம் ஆகாது. விபிஎன் வேறு பாதையில் சுற்றிப் போவதால், பழைய பாதையின் நெரிசலைத் தவிர்த்திருக்கவும் கூடும். அதனால்தான் நாலைந்து நாள் தேதி, நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

சட்டம் உங்கள் பக்கம் வலுவாகவே இருக்கிறது. 2015-இல் லட்சக்கணக்கானோர் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு மின்னஞ்சல் அனுப்பிப் போராடினார்கள். அதன் பலனாக 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தைப் பொறுத்து டேட்டா கட்டணத்தை மாற்றக்கூடாது என்று விதி வந்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்த ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டம் அதோடு இந்தியாவை விட்டுப் போனது. ஒரு தளத்தை மட்டும் முடக்குவதும் வேகம் குறைப்பதும் கூடாது என்பது 2018-இல் கம்பெனிகளின் உரிம நிபந்தனையிலேயே சேர்ந்துவிட்டது. நியாயமான நெரிசல் மேலாண்மைக்கு அதில் விலக்கு உண்டு. கம்பெனி பெரும்பாலும் அதைத்தான் பதிலாகச் சொல்லும்.

புகாரை எப்படி எழுதுகிறீர்கள் என்பது முக்கியம். "நெட் ஸ்லோ" என்று சொன்னால் லைன்மேனை அனுப்பிவிட்டு முடித்துவிடுவார்கள். "இந்தத் தளம் மட்டும், இந்தத் தேதிகளில், இந்த நேரத்தில்" என்று எழுதி ஸ்கிரீன்ஷாட்களை இணையுங்கள். புகாரின் பதிவு எண்ணான டாக்கெட் எண்ணைக் கேட்டு வாங்காமல் போனை வைக்காதீர்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணம் கிடையாது. டிராய் தனிநபர் புகாரை நேரடியாகத் தீர்த்து வைப்பதில்லை, அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம். அப்புறம், நுகர்வோர் நீதிமன்றமும் இருக்கிறது. தொலைத்தொடர்பு வழக்குகளை அது விசாரிக்கலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே போக நேர்ந்தால், முதலில் தேவைப்படுவது அந்த டாக்கெட் எண்தான்.