டாப்சோனியன் தொலைநோக்கி யாருடைய பெயரைத் தாங்கியுள்ளது? அது ஏன் மலிவாக அமைகிறது?

1915இல் பெய்ஜிங்கில் பிறந்து, சிறுவயதிலேயே சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்த ஜான் டாப்சனின் பெயரே அது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்ற அவர், 1944இல் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் துறவியாகச் சேர்ந்தார். மடத்தில் பணம் கிடையாது. ஆனால் பிரபஞ்சத்தை எல்லோரும் கண்ணால் காண வேண்டும் என்ற தீராத வேட்கை அவருக்கு இருந்தது. அதனால் பழைய கப்பல் சன்னல்களின் கண்ணாடியைக் கையாலேயே தேய்த்து, ஒளியைத் திரட்டும் உட்குழிந்த ஆடியாக்கினார்; கான்கிரீட் தூண் வார்க்கப் பயன்படும் அட்டைக் குழாயை உடலாகவும், ஒட்டுப்பலகைப் பெட்டியைத் தாங்கியாகவும் அமைத்தார்.

செலவு குறைந்ததன் முக்கியக் காரணம் அந்தத் தாங்கிதான். பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுக்கும் கனத்த உலோகத் தாங்கிகளை விடுத்து, பீரங்கியைப் போல மேலும் கீழும், இடமும் வலமும் மட்டுமே திரும்பும் எளிய அமைப்பை அவர் கையாண்டார். டெஃப்ளான் என்னும் வழுவழுப்பான பிளாஸ்டிக் துண்டுகளின் மேல் நகர்வதால் விரலால் தள்ளினாலே குழாய் அசையும், விட்ட இடத்தில் நிற்கும். தானாக விண்மீனைப் பின்தொடராததால் நீண்டநேரப் புகைப்படத்துக்கு இது உகந்ததல்ல. கண்ணால் பார்ப்பதற்கோ, அதே செலவில் இதைவிடப் பெரிய ஆடி கிடைப்பது அரிது.

1967இல் மடத்திலிருந்து வெளியேற்றப்பட்ட பின், தெருமுனைகளில் தொலைநோக்கியை நிறுத்தி வழிப்போக்கர்களுக்கு நிலாவையும் சனியின் வளையங்களையும் காட்டினார். அடுத்த ஆண்டே 'நடைபாதை வானியலாளர்கள்' அமைப்பு உருவானது. தம் வடிவமைப்புக்கு அவர் காப்புரிமை பெறவில்லை என்பதை, அவர் செய்தவற்றுள் மிக உயர்ந்ததாக நான் கருதுகிறேன். 2014இல் அவர் மறைந்தார்.