பழைய ஸ்ப்ளெண்டர் வாங்கலாமா?

கேள்வி: புது பைக்கெல்லாம் சென்சார் மயம், விலையும் கட்டுப்படியாகவில்லை. 2012 ஸ்ப்ளெண்டர் பிளஸ் ஒன்று வருகிறது. வாங்கலாமா?

பதில்: தாராளமாக. பி.எஸ்.6 என்ற புகை மாசு விதிக்காக 2020-ல்தான் இதற்கு, சென்சார் உதவியோடு பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் வந்தது; உங்களுடையதில் பெட்ரோலையும் காற்றையும் கலப்பது பழைய கார்புரேட்டர்தான். அதன் ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை) அடைத்தால் கழற்றிக் காற்றடித்தால் போதும், கோளாறு பார்க்க லேப்டாப் வேண்டாம்.

காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது பாருங்கள். விற்பவர் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் உஷார், ஆறிய இன்ஜினில் தெரியும் கோளாறு மறைந்துவிடலாம். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆக்ஸிலரேட்டர் முறுக்கும்போது வந்தால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங் தேய்மானம்; ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் வந்து நின்றால் வால்வு சீல் தேய்மானம். ரிங் என்றால் போரிங் (சிலிண்டரைக் கடைந்து சரிசெய்வது) செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

சேஸிஸ், இன்ஜின் எண்கள் ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். அதில் கடன் பதிவு இருந்தால் நீங்கியிருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். 15 ஆண்டு முடிந்ததும் எஃப்.சி. (தகுதிச் சான்று) செலவு உண்டு.