ஜெர்மனிக்குப் போகிற பெட்டியில் என்ன வைக்கலாம்?

கேள்வி: என் மகள் செப்டம்பர் கடைசியில் மேல்படிப்புக்காக ஜெர்மனி போகிறாள். குக்கர், மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு, ஸ்வெட்டர், ஆறு மாதத்துக்கு மளிகை என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. தி.நகருக்கு நாலு தடவை போய் வந்துவிட்டோம். எதை இங்கே வாங்குவது, எதை அங்கே வாங்கிக்கொள்ளச் சொல்வது?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: அம்மா, பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முதல் மாதச் செலவுக்குப் பணம் எடுத்து வைத்துவிட்டீர்களா? விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்ட்டில், அதாவது மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று பூட்டி வைத்த கணக்கில், ஒரு வருடச் செலவுக்கான பணம் கட்டியிருப்பீர்கள். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ, மாதத்துக்கு 992. விமானத்தை விட்டு இறங்கியதும் அந்தப் பணம் கைக்கு வந்துவிடாது. அவள் அறைக்குக் குடிபோய், ஊர் அலுவலகத்தில் விலாசத்தைப் பதிந்து, வங்கிக் கணக்கு தொடங்கி, அதைத் தெரியப்படுத்திய பிறகுதான் மாதாமாதம் வரத் தொடங்கும். சில வாரங்கள் ஓடிவிடும். வாடகையும் அட்வான்ஸும் அதற்காகக் காத்திருக்காது. அதனால் சாமான் வாங்க ஒதுக்கியதில் பாதியை ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் கார்டு) போட்டுக் கொடுங்கள் என்பதுதான் என் முதல் யோசனை.

கார்டு வாங்க இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். "யூரோ என்ன ரேட்?" என்று கேட்டால் பாதி பதில்தான் கிடைக்கும். "கார்டில் 1,500 யூரோ ஏற, எல்லாம் சேர்த்து நான் எத்தனை ரூபாய் தரவேண்டும்?" என்று கேளுங்கள். கமிஷன் கிடையாது என்று எழுதி வைத்திருக்கும் இடத்தில் அது ரேட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். ஏர்போர்ட்டில் மாற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சரி, இப்போது குக்கர். கட்டாயம் இங்கேயே வாங்குங்கள், ஒரு ஆளுக்கு 3 லிட்டர் தாராளம். கடைக்குக் கிளம்பும்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். குக்கரைக் கவிழ்த்து அடியில் அதை வைத்துப் பாருங்கள். கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் எந்த அடுப்பிலும் சமைக்கலாம். வழுக்கி விழுந்தால் இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஆகாது, அட்டைப்பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி. கூடவே இரண்டு கேஸ்கெட், ஒரு சேஃப்டி வால்வு, ஒரு வெயிட் வாங்கிவிடுங்கள். சின்னச் சின்ன சாமானுக்கெல்லாம் அந்த ஊரில் அலையவேண்டாம்.

மிக்ஸியும் கொண்டுபோகலாம். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். அமெரிக்கா என்றால் 120 வோல்ட், நம் மிக்ஸி அங்கே சரிப்படாது. பிரச்சினை பிளக்கில்தான். நம்முடைய மூன்று முள் பிளக் அவர்கள் சாக்கெட்டில் நுழையாது. அங்கே இரண்டு உருண்டை முள்ளும், எர்த்துக்குப் பக்கவாட்டில் கிளிப்பும் இருக்கும். ரிச்சி தெருவில் யுனிவர்சல் அடாப்டர் என்று கேட்டால் கிடைப்பவற்றில் பலவற்றுக்கு எர்த் கிடையாது. போன் சார்ஜருக்கு அது போதும், மிக்ஸிக்குப் போதாது. எர்த்தோடு கூடிய, 16 ஆம்பியர் தாங்கும் 'ஷூகோ' அடாப்டர் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு வேண்டாம். மாணவர் விடுதிச் சமையலறையில் அடுப்பு இருக்கும்.

மளிகை விஷயத்தில்தான் அம்மாக்களுக்கு மனசு கேட்பதில்லை, எனக்குத் தெரியும். என் அக்கா மகன் கிளம்பிய அன்று மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் எடை கூடிவிட்டது. தரையிலேயே பெட்டியைத் திறந்து, ஐந்து கிலோ பொன்னி அரிசியை வெளியே எடுத்து, அதை மடியில் வைத்துக்கொண்டே அக்கா வீடு திரும்பினார். அரிசி, பருப்பு, மஞ்சள் தூள் எல்லாம் அங்கே இந்தியக் கடைகளிலும் ஆசியக் கடைகளிலும் கிடைக்கிறது. உங்கள் வீட்டு சாம்பார் பொடி, ரசப்பொடி, பருப்புப் பொடி கிடைக்காது. அவற்றைக் கொடுத்தனுப்புங்கள். நெய், பனீர், இறைச்சி எதுவும் வேண்டாம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுபோகத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் போகமுடியாது. டிக்கெட்டையும் பாருங்கள்: சனி ராத்திரியோ ஞாயிறோ போய் இறங்கினால், ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் அநேகமாக மூடியிருக்கும். ஒரு நாள் சாப்பாட்டுக்குப் புளிக்காய்ச்சலும் கொஞ்சம் அரிசியும் பெட்டியின் மேல்பக்கமே இருக்கட்டும்.

ஸ்வெட்டர் ஒன்று, தெர்மல் உள்ளாடை இரண்டு செட் போதும். கனமான ஜாக்கெட்டும் ஷூவும் அங்கே வாங்கட்டும். ஆன்லைனில் வாங்கினால் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பிக் கொடுக்கலாம். லேப்டாப் மட்டும் இங்கே வாங்குவது நல்லது, அங்கத்திய கீபோர்டில் ஒய் எழுத்தும் இசட் எழுத்தும் இடம் மாறியிருக்கும். வாரண்டி ஜெர்மனியிலும் செல்லுமா என்பதைக் கடைக்காரர் வாய்ப்பேச்சாக இல்லாமல் எழுத்தில் வாங்குங்கள். பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்கவேண்டும்.

கேள்வி: மியூனிக்கில் அறை ஒன்று ஆன்லைனில் பார்த்தேன். மாதம் 420 யூரோ, படங்கள் அழகாக இருக்கின்றன. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறாராம். இரண்டு மாத அட்வான்ஸ் அனுப்பினால் சாவியை கூரியரில் அனுப்புவதாகச் சொல்கிறார். அனுப்பலாமா?
– மாணவர், அண்ணா நகர்

பதில்: அனுப்பாதீர்கள் தம்பி. சாவி கூரியரில் வரும் என்ற பேச்சு எழுந்தாலே விலகிவிடுங்கள். மாணவர்களைக் குறிவைத்து நடக்கும் பழைய மோசடி இது. மியூனிக் ஜெர்மனியிலேயே வாடகை மிக அதிகமான நகரங்களில் ஒன்று, அந்த விலையே உங்களைச் சந்தேகப்பட வைத்திருக்கவேண்டும். அங்கத்திய சட்டப்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. அந்தக் கணக்கும் ஹீட்டர், தண்ணீர் போன்ற செலவுகள் சேராத 'கால்ட்' வாடகையை வைத்துத்தான். அதையும் மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு, முதல் தவணை குடிபுகும்போதுதான். விளம்பரத்தில் 'கால்ட்' என்றிருக்கிறதா, எல்லாம் சேர்ந்த 'வார்ம்' என்றிருக்கிறதா என்றும் பாருங்கள். மாணவர் விடுதிகளை நடத்தும் 'ஸ்டூடியரெண்டன்வெர்க்' அமைப்பில் இன்றைக்கே பெயரைப் பதியுங்கள், காத்திருப்போர் வரிசை நீளம். அது வரும்வரை பயணிகள் தங்கும் ஹாஸ்டலிலோ தெரிந்த சீனியர் அறையிலோ தங்கி, நேரில் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

கேள்வி: மகனுக்காக வாங்கிய டிராலி பெட்டியின் சக்கரம், வீட்டுக்குள் உருட்டிப் பார்க்கும்போதே கழன்றுவிட்டது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் இருப்பதைக் காட்டி, கடையில் கையை விரிக்கிறார்கள். அடுத்த வாரம் பயணம்.
– வாசகர், பெரம்பூர்

பதில்: பில்லில் அச்சடித்துவிட்டால் அது சட்டமாகிவிடாது. பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதை, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் அவகாசம் உண்டு. பெட்டியைச் சரிசெய்யக் கொடுக்காமல், கழன்ற சக்கரத்தோடு அப்படியே படம் எடுத்து வையுங்கள். பில்லோடு கடைக்குப் போய், மேனேஜரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் அங்கிருந்தே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். நாள் குறைவாக இருப்பதால் மகன் வேறு பெட்டியோடு கிளம்பட்டும். புகாரை நீங்கள் இங்கிருந்தே தொடரலாம், ஆகவே பில்லை அவனிடம் கொடுத்தனுப்பாமல் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.