பாம்பினோவா, மார்லினா?

பழைய பாணியில் வரும் இரண்டு கைக்கடிகாரங்களைப் பற்றியே இம்முறை எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். ஒன்று ஜப்பானின் ஓரியன்ட் பாம்பினோ. மற்றது, 1960களில் விற்ற மாடலை வைத்து டைமெக்ஸ் 2017இல் திரும்பக் கொண்டுவந்த, சாவி கொடுக்கும் மார்லின்.

என் மணிக்கட்டு மெலிந்தது. எது பொருந்தும் சார்?

மார்லின், யோசிக்கவே வேண்டாம். அதன் விட்டம் 34 மி.மீ.; அந்தக் காலத்து ஆண்கள் கட்டிய அளவு அதுதான். வழக்கமான பாம்பினோ 40.5 மி.மீ.; முகம் பழையது, உடம்பு இந்தக் காலத்தது. பாம்பினோதான் வேண்டுமென்றால் பின்னால் வந்த 38 மி.மீ. வகையைத் தேடுங்கள். வார் மாட்டும் கொம்புகள் மணிக்கட்டுக்கு வெளியே நீட்டக்கூடாது. கடையில் அதை மட்டும் பார்த்தால் போதும்.

தினமும் சாவி கொடுப்பது தொல்லை இல்லையா?

சிலருக்குத் தொல்லை, எனக்குச் சுகம். காலையில் குமிழைத் திருகுங்கள். இறுக்கம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் வலிமை காட்டக்கூடாது. பாம்பினோ ஆட்டோமேட்டிக், கை அசைவிலேயே சாவி ஏறும். கழற்றி வைத்தால் 40 மணி நேரம் போல ஓடும். வெள்ளி மாலை கழற்றினால் திங்கள் காலை நின்றிருக்கும். இப்போது வருவதில் குமிழாலும் சாவி கொடுக்கலாம். மிகப் பழைய பாம்பினோவில் முடியாது.

எந்தக் கண்ணாடி நல்லது?

இரண்டுமே குவிந்தவை; பக்கவாட்டில் பார்த்தால் டயலின் ஓரம் வளைந்து தெரியும். இந்தக் கடிகாரங்களின் அழகில் பாதி அதுதான். மார்லினில் இருப்பது அக்ரிலிக். சட்டைப் பொத்தான் உரசினாலே கோடு விழும், ஆனால் பாலிஷ் பசையை மென்துணியில் தொட்டுத் தேய்த்தால் மறைந்துவிடும். பாம்பினோவின் மினரல் கண்ணாடியில் லேசில் கீறல் விழாது. விழுந்துவிட்டால் கண்ணாடியையே மாற்ற வேண்டும்.

பாம்பினோவுக்கு வார் கிடைக்கவில்லை, அண்ணா.

40.5 மி.மீ. வகையில் பெரும்பாலும் 21 மி.மீ. வார். யாருக்குத் தோன்றிய யோசனையோ! கடைகளில் அடுக்கியிருப்பதெல்லாம் 20, 22. இருபது போட்டால் இடைவெளி தெரியும். இருபத்திரண்டு தோல் வாரானால் கொஞ்சம் அமுக்கி நுழைக்கலாம். மார்லினுக்கு 18 போதும், எங்கும் கிடைக்கும்.

30 மீட்டர் என்று போட்டிருக்கிறதே, குளிக்கலாமா?

கூடாது. இரண்டுக்குமே கை கழுவும்போது தெறிக்கும் நீர் வரைதான் அந்தக் கணக்கு. தோல் வாரும் நாறிப்போகும்.

இவற்றுக்குப் பதில் அசல் பழைய எச்.எம்.டி. வாங்கினால் என்ன?

வாங்கலாம், ஆளறிந்து. இணையத்தில் பளபளவென்று நீலம், ஆரஞ்சு டயலோடு மலிவாக வருபவை பெரும்பாலும் மறுவண்ணம் பூசியவை. உள்ளே எந்தக் கடிகாரத்தின் உறுப்பு எதில் இருக்கிறதென்று சொல்ல முடியாது. பழுது பார்ப்பவர் பழக்கமில்லாதவர்கள் புதியதையே வாங்குங்கள்.

அப்பாவின் பணி ஓய்வுக்கு ஒன்று வாங்க வேண்டும். ஒரே பதில் சொல்லுங்கள்.

பாம்பினோ, வெள்ளை டயல். தேதி காட்டும், மார்லினில் தேதி இல்லை. இரவு 9 மணியிலிருந்து விடியற்காலை 3 மணி வரை மட்டும் தேதியைத் திருத்த வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் பற்சக்கரங்கள் தேதித் தகட்டைப் பிடித்திருக்கும், பல் உடையலாம்.