சிப்பி துப்புகிறது, நண்டு மூச்சில் இழுக்கிறது: மைக்ரோபிளாஸ்டிக் என்னும் சின்னப் பிளாஸ்டிக் துகள்கள் பற்றி உங்கள் கேள்விகள்

மீனுக்கு இரை எது, பிளாஸ்டிக் எது என்று தெரியாதா? ஏன் தின்கிறது?

எல்லா மீனும் ஒரே மாதிரி தின்பதில்லை. கண்ணால் பார்த்துக் கொத்துகிற மீன் நிறத்திலும் அளவிலும் ஏமாறும். வாயைத் திறந்தபடி நீந்தி, வருவதைச் செவுளில் வடிகட்டுகிற சாளை, நெத்திலி வகைகளுக்குத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு குறைவு. இதில் வாசனையும் உண்டு. கடலில் கொஞ்ச நாள் மிதந்த பிளாஸ்டிக்கின் மேல் பாசியும் பாக்டீரியாவும் படிந்து வழுவழுப்பாகிவிடும், அதன் வாடை இரையின் வாடைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். 2017-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், பாசி பிடித்த பிளாஸ்டிக் ஊறிய தண்ணீரை விட்டதும் நெத்திலிக் கூட்டம் தீனி வாடை வந்ததுபோலவே நடந்துகொண்டது, புதுப் பிளாஸ்டிக் ஊறிய தண்ணீருக்கு அப்படி நடக்கவில்லை. ஆனால் அதே வருடம் பவளப்பூச்சிகளைச் சோதித்தபோது அவை பாசி பிடிக்காத பிளாஸ்டிக்கைத்தான் அதிகம் தின்றன. பிளாஸ்டிக்கில் கலந்திருக்கும் ஏதோ ஒரு வேதிப்பொருள் அவற்றுக்குச் சுவையாகப் பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அதனால் "கடல் உயிர்கள் இப்படித்தான்" என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது.

சிப்பி நாள் முழுக்கத் தண்ணீரை வடிகட்டுமே, அப்படியானால் அதன் உடம்பு முழுக்க பிளாஸ்டிக்தானே?

நிறையப் பேர் கேட்ட கேள்வி இது. கன்னியாகுமரிப் பக்கம் பாறையில் எடுக்கும் சிப்பியை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் கடல்நீர் ஊற்றிப் போட்டு அரை மணி நேரம் அசையாமல் பாருங்கள். ஓடு லேசாகத் திறக்கும், கொஞ்ச நேரத்தில் ஓரத்திலிருந்து சளி நூல் மாதிரி ஒன்று மெதுவாக வெளியே வரும். அது கழிவு இல்லை, வயிற்றுக்குள் போகவே இல்லை. செவுளில் ஒட்டியதில் வேண்டாததைச் சளியில் சுருட்டி அது துப்பிவிடுகிறது, பிளாஸ்டிக்கில் ஒரு பங்கு இப்படியே போய்விடும். தப்பி உள்ளே போனதிலும் பெரும்பகுதி மலத்தோடு வெளியேறும்.

சிக்கல் மிகச் சின்னத் துகளில்தான். 2008-இல் பிரிட்டனில் சில மைக்ரான் அளவுள்ள உருண்டைகளைச் சிப்பிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மூன்றே நாளில் அவை குடலைத் தாண்டி ரத்த ஓட்டத்துக்குள் வந்துவிட்டன, 48 நாள் கழித்தும் அங்கே இருந்தன. 5 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தாலே மைக்ரோபிளாஸ்டிக் என்கிறோம், ஆனால் 4 மில்லிமீட்டர் துண்டும் 4 மைக்ரான் துகளும் ஒரு உயிருக்குள் செய்கிற வேலை ஒன்றே இல்லை. இனி இதுபற்றி எந்தச் செய்தி படித்தாலும் முதலில் "என்ன அளவு?" என்று கேளுங்கள்.

சாப்பிடலாமா என்றால், நான் சாப்பிடுகிறேன். 225 கிராம் சிப்பிச் சதையில் மிஞ்சி மிஞ்சிப் போனால் 7 மைக்ரோகிராம் பிளாஸ்டிக் என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2017-இல் கணக்கிட்டது. சுத்தமான கடல்நீரில் போட்டு வைத்தால் குடலில் இருப்பது இன்னும் குறையும்.

நண்டு பிளாஸ்டிக்கைச் சுவாசிக்கும் என்கிறார்களே, நிஜமா?

நிஜம். நண்டு சுத்தம் செய்யும்போது மேல் ஓட்டைப் பிரித்தால் இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் விரல் விரலாக, பஞ்சு மாதிரி இருப்பதைப் பிய்த்து எறிகிறோம் இல்லையா, அதுதான் செவுள். மூச்சுக்காகத் தண்ணீரை இழுக்கும்போது துகள்கள் அந்த மடிப்புகளில் மாட்டிக்கொள்ளும். 2014-இல் வந்த பிரிட்டன் ஆய்வில், தின்ற துகள்கள் உடலில் 14 நாள் வரையும் செவுள் வழியாக வந்தவை 21 நாள் வரையும் தங்கின. வயிற்றை மட்டும் அறுத்துப் பார்த்துக் கணக்கெடுத்தால் இது கணக்கில் வராது என்பதுதான் எனக்குக் கவலை.

மீன் குஞ்சுகள் நல்ல தீனியை விட்டுவிட்டு பிளாஸ்டிக்கையே விரும்பித் தின்கின்றன என்று படித்தேன்...

அது 2016-இல் ஸ்வீடனிலிருந்து வந்த கட்டுரை. மறு வருடமே திரும்பப் பெறப்பட்டது. தயவுசெய்து இனி பகிராதீர்கள். உண்மையான ஆதாரமே போதுமான அளவு இருக்கிறது, பொய் கலந்தால் அதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

பிளாஸ்டிக் மிதக்கும்தானே, கடலடிக்கு எப்படிப் போகிறது?

எல்லாம் மிதக்காது. தண்ணீர் பாட்டில், பாலியஸ்டர் துணி இவற்றின் பிளாஸ்டிக் கடல்நீரைவிடக் கனம். மிதக்கிறதையும் உயிர்களே கீழே இறக்கிவிடுகின்றன. மிதவை உயிரிகள் (நீரோட்டத்தோடு மிதந்து போகும் மிகச் சின்ன உயிர்கள்) தின்று, மலத்துக்குள் பொதிந்து அனுப்புகின்றன. பிளாஸ்டிக் கலந்த மலம் லேசாகிவிடுவதால் வழக்கத்தைவிட மெதுவாக மூழ்கும், வழியில் வேறு உயிர்கள் அதைத் தின்ன நேரம் கிடைக்கும். மரியானா அகழியில் 6,000 மீட்டருக்கும் கீழே பிடித்த, இறால் மாதிரியான ஒரு புது உயிரியின் குடலில் பாட்டில் பிளாஸ்டிக் வகை இழை இருந்தது. 2020-இல் அதற்கு யூரித்தினஸ் பிளாஸ்டிகஸ் என்றே பெயர் வைத்தார்கள். ஒரு உயிருக்குப் பெயர் வைக்கும்போதே அதன் வயிற்றில் நம் குப்பை இருந்தது என்பதை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

எங்கள் ஊர்க் கரையில் 2025-இல் ஜவ்வரிசி மாதிரி வெள்ளை உருண்டைகள் ஒதுங்கின. அதனால் மீனுக்கு என்ன ஆகும்?

கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலிலிருந்து வந்தவை அவை, பிளாஸ்டிக் பொருள்கள் செய்வதற்கான மூலப்பொருள். அதற்கு நான்கு வருடம் முன்பு, 2021-இல், கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற கப்பல் எரிந்தபோது இதே உருண்டைகள் சுமார் 1,680 டன் கொட்டின, மீன்களின் வாயிலும் செவுளிலும் சிக்கியிருந்ததைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். மிதவை உயிரிகளால் இவ்வளவு பெரிய உருண்டையை விழுங்க முடியாது. மீனும் ஆமையும் கடற்பறவையும் விழுங்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் எண்ணெய்ப்பசை சார்ந்த நஞ்சுகளை இவை மேலே ஈர்த்துக்கொள்ளும், வெயிலிலும் அலையிலும் உடைந்து வருடங்கள் கழித்துச் சிப்பிக்குள் போகிற அளவுக்கும் சின்னதாகும். அதனால் முழுசாக இருக்கும்போதே பொறுக்குவதுதான் எளிது. கடல் ஏறி இறங்கிய கோட்டில், காய்ந்த பாசியோடு சேர்ந்து கிடக்கும். கையுறை போட்டுக்கொண்டு, மணலோடு அள்ளி, ஒரு வாளித் தண்ணீரில் கொட்டுங்கள். மணல் கீழே தங்கிவிடும், உருண்டைகள் மேலே மிதக்கும், டீ வடிகட்டியால் எடுத்துவிடலாம். அடுத்த முறை கடல் ஏறுவதற்குள் செய்யுங்கள், ஏறிவிட்டால் மணலுக்குள் புதைந்துவிடும்.