ஊசி பாதிதான் வேலை செய்தது... இன்னொன்று போடலாமா?

கேள்வி: வயது 58. நீண்ட நாள் சர்க்கரை நோயாளி. விறைப்புக் குறைபாட்டுக்கு சில்டெனாஃபில் மாத்திரை பலன் தராததால், சிறுநீரியல் மருத்துவர் அல்ப்ரோஸ்டாடில் ஊசி கொடுத்து, தன் எதிரிலேயே போடப் பழக்கினார். அங்கே நன்றாக இருந்தது. வீட்டில் போட்டபோது பாதி விறைப்புதான் வந்தது. உடனே இன்னொரு ஊசி போடலாமா, அல்லது மாத்திரை சேர்த்துக்கொள்ளலாமா? என் மனைவி பயப்படுகிறார்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: இரண்டுமே வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

இந்த மருந்து ஆண்குறிக்குள் இருக்கும் தசைகளைத் தளர்த்தி ரத்தத்தை உள்ளே நிரப்புகிறது. அதன்மேல் இன்னொரு மருந்து சேர்ந்தால் புகுந்த ரத்தம் வெளியேற முடியாமல் தேங்கிவிடலாம். தேங்கிய ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும். மணிக்கணக்கில் அப்படியே இருந்தால் உள்தசை வடுவாகிவிடும். பிறகு எந்த ஊசிக்கும் விறைப்பு வராமல் போகலாம். ஒரு ஊசிக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 24 மணி நேரம் இடைவெளி வேண்டும், வாரத்தில் மூன்றுக்கு மேல் கூடாது. அளவைக் கூட்டுவதும் மருத்துவர்தான், 2.5 மைக்ரோகிராமில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றுகிற மருந்து இது.

வீட்டில் ஏன் பாதியோடு நின்றது? பதற்றமே ரத்தக் குழாய்களைச் சுருக்கும். ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது ஊசி போட்ட விதத்தை. பயத்தில் பலர் மேலோட்டமாகக் குத்திவிடுகிறார்கள். மருந்து தோலுக்கடியில் தங்கி, அந்த இடம் குமிழாக உப்பும். ஆண்குறியின் நுனியைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டு, அடிப்பகுதிக்குச் சற்று முன்னே, பக்கவாட்டில் ஊசியை நேராக முழுவதும் இறக்குங்கள். மேல்பக்கம் நரம்புகளும் ரத்தக் குழாய்களும் உண்டு, அடியில் சிறுநீர்ப்பாதை, இரண்டும் கூடாது. மருந்தைத் தள்ளும்போது இறுக்கமாக இருந்தால் வலிந்து அழுத்தாமல் ஊசியை லேசாகப் பின்னிழுத்துத் தள்ளுங்கள். எடுத்ததும் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இன்னும் கொஞ்ச நேரம். இன்று வலப்பக்கம் என்றால் அடுத்த முறை இடப்பக்கம். ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் தழும்பு கட்டும். லேசான வலி சாதாரணம்தான்; கட்டி தட்டுப்பட்டாலோ குறி வளைந்தாலோ ஊசியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

விறைப்பு ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும் அளவுதான் சரியான அளவு. மூன்று மணி நேரமாகியும் தளரவில்லையா, கிளம்பத் தயாராகிவிடுங்கள். நான்காவது மணி முடிவதற்குள் அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்க வேண்டும். 'விடியட்டும்', 'யாரிடம் சொல்வது' என்று கூச்சப்பட்டுக் காத்திருந்தவர்கள்தான் நிரந்தரமாக இழக்கிறார்கள். அங்கே போனதும் மருந்தின் பெயர், அளவு, போட்ட நேரம் மூன்றையும் சொல்லுங்கள். தேங்கிய ரத்தத்தை ஊசியால் எடுத்து, ரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஃபீனைலெஃப்ரின் மருந்தைச் செலுத்தி விறைப்பை இறக்கிவிடுவார்கள். அவர்களுக்கு இது பழகிய வேலை.

உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. அடுத்த முறை மருத்துவரிடம் அவரையும் அழைத்துப் போங்கள். சில வீடுகளில் மனைவியே கற்றுக்கொண்டு போட்டுவிடுகிறார், கை நடுக்கமும் குறைவு. அவர் போடாவிட்டாலும் பரவாயில்லை. அந்த நான்கு மணி நேரக் கணக்கு அவருக்கும் தெரிந்திருக்கட்டும்.